குளிசையா கொன்றது? ஒரு படத்தை வைத்துப் பக்கவிளைவை விளங்கிக்கொள்ளல்

"இந்தக் குளிசையைப் போட்டால் ஆளுக்கு விசர் வருமாமே, உண்மையோ?"

திருகோணமலை நகரில் ஒரு பாமசியின் கவுன்டருக்குப் பின்னால் நிற்கிறவன் நான். மனச்சோர்வுக்கு எழுதிய துண்டோடு வருகிறவர்கள் இந்தக் கேள்வியைக் குரலைத் தாழ்த்தித்தான் கேட்பார்கள். சிலர் அதோடு ஒரு படத்தின் கதையையும் கொண்டுவருகிறார்கள். படத்தை முழுதாகப் பார்த்தவர்கள் குறைவு. போனில் பத்து நிமிடத்தில் கதை சொல்லும் காணொளியைப் பார்த்திருப்பார்கள், அதையும் பாதியில் விட்டிருப்பார்கள். ஒரு பெண் மனச்சோர்வுக்குக் குளிசை போட்டாளாம், நித்திரையில் எழும்பி நடந்து புருசனைக் கத்தியால் குத்தினாளாம், விடிந்த பிறகு அவளுக்கு ஒன்றுமே ஞாபகம் இல்லையாம். இதைக் கேட்டவருக்குத் தன் கையில் இருக்கும் குளிசையைப் பார்த்தால் எப்படி இருக்கும்?

படத்தின் பெயர் 'சைட் எஃபெக்ட்ஸ்'. 2013 இல் வந்தது, ஸ்டீவன் சோடர்பெர்க் இயக்கியது. முடிவைச் சொல்லாமல் நான் சொல்ல வந்ததைச் சொல்ல முடியாது. பார்க்கும் எண்ணம் உள்ளவர்கள் பார்த்துவிட்டு மிச்சத்தை வாசியுங்கள்.

கதை நியூயோர்க்கில் நடக்கிறது. பங்குச் சந்தை மோசடிக்காகச் சிறைக்குப் போன கணவன் வீடு திரும்புகிறான். அவன் மனைவி எமிலி கொஞ்ச நாளில் வாகனத் தரிப்பிடத்தின் சுவரில் தன் காரைக் கொண்டுபோய் மோதுகிறாள். ஆஸ்பத்திரியில் அவளைப் பார்க்கும் மனநல டொக்டர் பாங்ஸ் மனச்சோர்வு என்று கண்டு மருந்து எழுதுகிறார். முதல் மருந்துகள் ஒத்துவரவில்லை. கடைசியில் 'அப்லிக்சா' என்ற புது மருந்து வருகிறது. அதைப் போட்டதும் மனம் தேறுகிறது, கூடவே நித்திரையில் நடக்கும் பழக்கமும் வருகிறது. ஒரு நாள் கணவன் வீட்டுக்கு வரும் நேரம், சமையலுக்குக் காய்கறி வெட்டிக்கொண்டிருந்த கத்தியால் அவனைக் குத்துகிறாள். பத்திரிகை, நீதிமன்றம், மருந்துக் கம்பனி என எல்லாரும் டொக்டரைப் பார்க்கிறார்கள். அவள் சித்தசுவாதீனம் இல்லாத நிலையில் செய்ததாகத் தீர்ப்பு வருகிறது.

அப்லிக்சா கற்பனை மருந்து. அப்படி ஒன்று எந்தப் பாமசியிலும் இல்லை. ஆனால் படத்தில் பெயர் அடிபடும் குடும்பத்து மருந்துகள் உண்மையானவை. அதனால் முதலில் அந்தக் குடும்பம்.

மூளையின் நரம்புக் கலங்கள் ஒன்றோடொன்று பேசுவது இரசாயனப் பொருட்களால். அவற்றில் ஒன்று செரட்டோனின். ஒரு கலம் அதை வெளியே விடும், பக்கத்துக் கலம் வாங்கும், மிஞ்சியதை விட்ட கலமே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். ஃபுளுவொக்செட்டின், சேர்ட்ரலின் போன்ற குளிசைகள் இந்தத் திரும்ப உறிஞ்சலைத் தடுக்கின்றன. ஃபுளுவொக்செட்டினுக்கு அமெரிக்காவில் 1987 டிசம்பரில் அனுமதி கிடைத்தது. இன்று நம் அரசாங்கக் கிளினிக்குகளிலேயே காசில்லாமல் கொடுக்கிறார்கள். செரட்டோனின் குறைந்ததால் சோர்வு வந்தது, குளிசை அதை நிரப்புகிறது என்று சொல்லிவிட்டால் விளங்கிக்கொள்ள லேசு, ஆனால் அது முழு உண்மை இல்லை. உறிஞ்சல் தடைபடுவது மணிக்கணக்கில் நடந்துவிடும். மனம் தேறவோ வாரக்கணக்கு ஆகும். இடையில் மூளை மெதுவாகத் தன்னை மாற்றிக்கொள்கிறது. அந்த மாற்றத்தின் முழு விபரம் இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது. வேலை செய்கிறதா என்றால், செய்கிறது. 2018 இல் லான்செட் சஞ்சிகையில் வந்த பெரிய தொகுப்பாய்வு, 522 பரிசோதனைகளையும் ஒரு இலட்சத்துப் பதினாறாயிரத்துக்கு மேற்பட்ட ஆட்களையும் சேர்த்துப் பார்த்தது. அதில் எடுத்துக்கொண்ட 21 மருந்துகளும் மருந்தில்லாத வெற்றுக் குளிசையைவிட நன்றாகவே வேலை செய்தன. அந்த வித்தியாசம் மலையளவு இல்லை, ஆனால் இருந்தது.

இனிப் பக்கவிளைவு. நாம் எதிர்பார்த்த வேலையை விட்டு மருந்து உடம்பில் செய்யும் மற்ற எல்லாமே பக்கவிளைவுதான். அது மருந்தின் பிழையோ கலப்படமோ என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. அதே மருந்து, அதே வேலையை, நாம் கேட்காத இடத்திலும் செய்கிறது. உடம்பிலுள்ள செரட்டோனினில் பெரும்பங்கு இருப்பது மூளையில் இல்லை, குடலில். ஆகவே குளிசை தொடங்கியதும் முதலில் வயிற்றைப் பிரட்டுகிறது. இரத்தத்தை உறையவைக்கும் குருதிச் சிறுதட்டுகளுக்கும் செரட்டோனின் தேவை. அதனால்தான் மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் வாங்க வருகிறவரிடம் வேறு என்ன குளிசை போடுகிறீர்கள் என்று கேட்கிறோம். இரண்டும் சேர்ந்தால் வயிற்றில் இரத்தம் கசியும் வாய்ப்புக் கூடுகிறது. வலிக்கு எழுதும் ட்ரமடோலும் செரட்டோனினைக் கூட்டும், அதை இதோடு சேர்க்கும் முன் டொக்டருக்குத் தெரியவேண்டும். ஆளைத் துருவுவதற்காக நாங்கள் இதைக் கேட்பதில்லை.

பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் மெல்லிய தாளை எடுத்துப் பாருங்கள். எறும்பளவு எழுத்தில், ஆங்கிலத்தில், ஒரு பக்கம் முழுக்கப் பக்கவிளைவுகள். தலையிடியும் அங்கே இருக்கும், வலிப்பும் அங்கே இருக்கும். வாசிக்கிறவர் கண் நேரே வலிப்புக்குப் போகும். அந்தத் தாளில் சாதாரணச் சொற்கள் போலத் தெரியும் சிலவற்றுக்குப் பின்னால் கணக்கு இருக்கிறது. மிகப் பொதுவானது என்று போட்டிருந்தால் 10 பேரில் ஒருவருக்காவது வரும். பொதுவானது என்றால் 100 பேரில் ஒருவரிலிருந்து 10 பேரில் ஒருவர் வரை. அரிது என்றால் 1,000 பேரில் ஒருவருக்கும் குறைவு. மிக அரிது என்றால் 10,000 பேரில் ஒருவருக்கும் குறைவு. இந்த அளவுகோல் ஐரோப்பிய நாடுகளின் தாள்களில் கட்டாயம், இங்கே வரும் பல மருந்துகளின் தாள்களிலும் பார்க்கலாம். தாளை வாசிக்காதீர்கள் என்று நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. வாசித்துவிட்டு எங்களிடம் கொண்டுவாருங்கள், எது எந்த வரிசையில் இருக்கிறது என்று சேர்ந்து பார்ப்போம்.

நான் அதிகம் கவலைப்படுவது முதல் இரண்டு மூன்று கிழமைகளைப் பற்றித்தான். அங்கேதான் ஆட்களை இழக்கிறோம். குளிசை தொடங்கிய ஆளுக்குக் குமட்டல், தலையிடி, நித்திரைக் குழப்பம், கைகால் ஒரு பதகளிப்பு, இவையெல்லாம் முதல் நாட்களிலேயே வரும். பலன் வர இரண்டிலிருந்து ஆறு கிழமை வரை எடுக்கும். கெட்டது முந்திக்கொள்கிறது, நல்லது பிந்துகிறது. இதை ஒருவரும் முன்கூட்டிச் சொல்லாவிட்டால், இந்தக் குளிசை என்னைக் கெடுக்கத்தான் வந்திருக்கிறது என்று ஆள் நினைப்பதில் என்ன தவறு?

உப்புவெளியிலிருந்து வரும் ஒரு அக்கா ஒரு நாள் வெள்ளை மருந்துக் கவரை மேசையில் வைத்தார். கவரில் பேனையால் வட்டம் போட்டு, காலை ஒன்று என்று எழுதியிருந்தது. உள்ளே குளிசை கிட்டத்தட்ட அப்படியே இருந்தது.

"தம்பி, அஞ்சு நாள் போட்டன். வயித்தைப் பிரட்டுது. விட்டுட்டன்."

"வெறும் வயித்திலயோ போட்டனீங்கள் அக்கா?"

"காலமை எழும்பின உடன."

"சாப்பிட்டுட்டுப் போட்டுப் பாருங்கோ. கிளினிக்கிலயும் இதைச் சொல்லுங்கோ. பிரட்டல் கூடுதலா ஒண்டு ரெண்டு கிழமையில அடங்கும்."

அவருக்கு ஒரு கிழமையில் அடங்கியது. எல்லாருக்கும் அப்படி அடங்குமென்று இல்லை. ஆசை குறைவது, உறவில் உச்சம் வராமை போன்ற பாலியல் தொந்தரவுகள் அடங்காமல் நிற்கலாம். வெட்கத்தில் அதை ஒருவரும் சொல்வதில்லை, சொல்லாமலே குளிசையை விட்டுவிடுகிறார்கள். டொக்டரிடம் சொன்னால் அளவை மாற்றலாம், மருந்தையே மாற்றலாம். முதல் மருந்தே எல்லாருக்கும் சரிவரும் என்று இல்லை, ஒன்றை விட்டு இன்னொன்றுக்குப் போவது வழமையான வைத்தியம். படத்தின் தொடக்கத்தில் டொக்டர் பாங்ஸ் செய்வதும் அதைத்தான். திடீரென்று விடுவது வேறு கதை: தலைச்சுற்று, எரிச்சல், உடம்பில் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு எல்லாம் வரலாம். இது போதைப்பழக்கம் இல்லை, மூளை பழகிய நிலையிலிருந்து சட்டென்று இறங்குவதன் விளைவு. படிப்படியாகக் குறைத்தால் பெரும்பாலும் தாங்கலாம்.

பயப்படவேண்டிய பக்கவிளைவு இல்லவே இல்லையா என்றால், இருக்கிறது. மறைக்கக் கூடாது. 2004 இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, சிறுவர்களும் பதின்ம வயதினரும் பங்கெடுத்த 24 பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. மருந்து எடுத்தவர்களில் 100 க்கு 4 பேரிடம் தற்கொலை எண்ணமோ அது சார்ந்த செய்கையோ தெரிந்தது. வெற்றுக் குளிசை எடுத்தவர்களில் 100 க்கு 2 பேர். அந்தப் பரிசோதனைகளில் ஒருவரும் தற்கொலையால் இறக்கவில்லை. இருந்தாலும் மருந்தின் விபரத் தாளில் கறுப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கை அச்சடிக்கச் சொன்னார்கள், 2007 இல் அதை 24 வயது வரை நீட்டினார்கள். வீட்டுக்காரருக்கு இதிலிருந்து கிடைக்கும் வேலை ஒன்றுதான். இளம் பிள்ளை குளிசை தொடங்கினால் முதல் கிழமைகளில் கூட இருங்கள். ஒரேயடியாகப் பதற்றம், நித்திரையே இல்லாமல் துடிப்பு, சாவைப் பற்றிய பேச்சு வந்தால் அடுத்த கிளினிக் திகதி வரை பார்த்திருக்காதீர்கள். முன்னர் எப்போதாவது நித்திரையே வேண்டாமல், காசை அள்ளிவிட்டு, எல்லை மீறிய உற்சாகத்தில் ஆள் இருந்ததுண்டா என்பதையும் டொக்டரிடம் சொல்லுங்கள். அப்படிப்பட்டவருக்கு இந்தக் குளிசை தனியே கொடுத்தால் அந்த உற்சாகத்தைத் திரும்பக் கிளப்பிவிடலாம்.

படம் உண்மையில் கேட்கும் கேள்வி இனித்தான் வருகிறது. குளிசை போட்டாள், பிறகு கொன்றாள். குளிசைதான் கொன்றது என்று எப்படித் தெரியும்?

காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதை நமக்குத் தெரியும். மருந்து விஷயத்தில் மட்டும் அதை மறந்துவிடுகிறோம். ஒன்றுக்குப் பின் ஒன்று நடந்தது என்பது விசாரணையின் தொடக்கம்தான். மருந்துதான் காரணமா என்று பார்க்கிறவர்கள் வேறு சில கேள்விகளும் கேட்பார்கள். மருந்தை நிறுத்தியதும் அடங்கியதா? திரும்பக் கொடுத்தபோது திரும்ப வந்ததா? இதே மருந்தால் மற்றவர்களுக்கும் வந்ததாகப் பதிவு இருக்கிறதா? நோயாலேயே வந்திருக்கலாமா? சோர்வுள்ள ஆளுக்கு நித்திரைக் குழப்பமும் பதற்றமும் குளிசைக்கு முன்னரே இருந்திருக்கும்.

கடைசியாக ஒரு கேள்வி, மிக வலுவானது. வெற்றுக் குளிசை எடுத்தவர்களுக்கும் இதே வருகிறதா? லண்டன் இம்பீரியல் கல்லூரியில் நடந்து 2020 இல் வெளியான ஒரு பரிசோதனையை நான் ஆட்களுக்கு அடிக்கடி சொல்வதுண்டு. கொலஸ்ரோலுக்கு எடுத்த ஸ்டட்டின் குளிசையால் உடம்பு நோகிறது என்று விட்டுவிட்ட 60 பேரை எடுத்தார்கள். ஆளுக்கு ஒரு வருடத்துக்கு 12 போத்தல். நான்கில் உண்மையான அட்டோவஸ்டட்டின், நான்கில் வெற்றுக் குளிசை, நான்கு வெறும் போத்தல். குளிசை உள்ள போத்தலில் எது இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. நாள்தோறும் உபாதையைப் போனில் பதியவேண்டும். வெறும் போத்தல் மாதங்களில் உபாதை குறைவு. மருந்துள்ள மாதங்களில் கூடியது. வெற்றுக் குளிசை மாதங்களிலும் ஏறக்குறைய அதே அளவு கூடியது. மருந்தால் வந்ததாக நினைத்த உபாதையில் 10 இல் 9 பங்கு வெற்றுக் குளிசையாலும் வந்தது.

அவர்கள் பொய் சொல்லவில்லை. நோவு உண்மையான நோவு. கெடுதி வரும் என்ற எதிர்பார்ப்பே உடம்பில் கெடுதியைக் கொண்டுவரும். இதற்கு மருத்துவத்தில் நொசிபோ என்று பெயர். வெற்றுக் குளிசை நன்மை செய்தால் பிளசிபோ, கெடுதி செய்தால் நொசிபோ. பேய்க் கதைபோலச் சொல்லப்படும் ஒரு காணொளியைப் பார்த்துவிட்டுக் குளிசையை வாயில் போடுகிற ஆளுக்கு அன்று இரவு நித்திரை எப்படி வரும் என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது படத்தின் மறுபாதி. டொக்டர் பாங்ஸின் தொழில் போகிறது, வீடும் கலைகிறது. அவர் எமிலியின் கதையைத் திரும்பக் கிண்டுகிறார். ஒரு நாள் உண்மையைப் பேசவைக்கும் ஊசி என்று சொல்லி அவளுக்கு ஒன்றைப் போடுகிறார். அவள் கண் சொருகி, நாக்குக் குழறி, மயக்கத்தில் பேசுகிறாள். ஊசிக்குள் இருந்தது வெறும் உப்புத் தண்ணீர்.

முழுப் படத்தையும் தாங்குவது இந்தக் காட்சிதான். வெற்று மருந்தை வைத்து மருந்தைச் சோதிக்கும் அதே முறையை இங்கே ஆளைச் சோதிக்கப் பாவிக்கிறார். ஸ்டட்டின் பரிசோதனையில் ஆட்கள் தங்களை அறியாமல் உபாதையை உணர்ந்தார்கள். எமிலி அறிந்தே நடிக்கிறாள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், அதுதான் சிக்கல். மனநலத்தில் இரத்தப் பரிசோதனை காட்டிக்கொடுக்கும் நோய் குறைவு. ஆள் சொல்வதையும் நடப்பதையும் பார்த்துத்தான் டொக்டர் முடிவெடுக்கிறார். இலாபத்துக்காக நோயை நடிப்பவர்கள் உண்டு, அதைக் கண்டுபிடிக்கும் முறைகளும் உண்டு. ஆனால் நம் கிளினிக் வாங்கில் இருக்கிறவர்கள் பெரும்பாலும் இதற்கு நேர்மாறு: நோய் இருந்தும் இல்லை என்று நடிப்பவர்கள்.

எமிலிக்கு என்ன இலாபம்? அவளுடைய முன்னைய டொக்டர் சீபர்ட்டும் அவளும் கூட்டு. அப்லிக்சா செய்யும் கம்பனியின் பங்கு விலை விழும் என்று முன்கூட்டியே பந்தயம் கட்டியிருந்தார்கள். பங்கைக் கடன் வாங்கி விற்பது, விலை விழுந்ததும் மலிவாக வாங்கித் திருப்பிக் கொடுப்பது, இடையில் உள்ளது இலாபம். கொலையால் வந்த செய்தி விலையை விழுத்தியது. மருந்தைப் பற்றிய பயத்தையே அவர்கள் காசாக்கினார்கள். அந்தப் பயத்தைத்தான் பாதிப் படத்தோடு எழும்பியவர் எங்கள் கவுன்டருக்குக் கொண்டுவருகிறார்.

நித்திரையில் நடப்பது பற்றியும் சொல்லவேண்டும், அது முழுக் கற்பனை இல்லை. ஆழ்ந்த நித்திரையிலிருந்து மூளையின் ஒரு பகுதி மட்டும் விழிக்கும்போது அது நடக்கிறது, பெரும்பாலும் இரவின் முதற்பகுதியில். சொல்பிடெம் போன்ற நித்திரைக் குளிசைகளுக்கு, நித்திரையிலேயே நடத்தல், சமைத்தல், வாகனம் ஓட்டுதல் பற்றி 2019 இல் அமெரிக்காவில் கறுப்புக் கட்ட எச்சரிக்கை போட்டார்கள். நித்திரையில் கொலை என்று நீதிமன்றம் ஏற்ற வழக்கும் உண்டு. 1987 இல் கனடாவில் கென்னத் பார்க்ஸ் என்பவர் நித்திரையில் காரோட்டிப் போய் மாமியாரைக் கொன்றார், விடுவிக்கப்பட்டார், 1992 இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. இப்படிப்பட்டவை மிக மிக அரிது. நித்திரைக் குளிசை போட்ட பிறகு வீட்டார் ஏதும் கண்டால் அன்றைக்கே குளிசையை நிறுத்தி டொக்டரைக் காணவேண்டும்.

படத்தின் முடிவில் எனக்குக் கோபம் இருக்கிறது. எல்லாம் வெளிவந்த பிறகு டொக்டர் பாங்ஸ் எமிலிக்கு இரண்டு கடும் மருந்துகளை எழுதுவதாகச் சொல்லி, அவை அவளை என்ன செய்யும் என்று அவள் முகத்துக்கு நேரே விபரிக்கிறார். அவள் குழம்ப, திரும்பவும் மனநோய் விடுதியில் அடைக்கிறார்கள். அதில் ஒன்று 1952 இல் பாரிஸில் மனநோயாளருக்குக் கொடுக்கத் தொடங்கிய குளோர்புரோமசின். எத்தனையோ பேரைச் சங்கிலியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய மருந்து அது. அதைப் பழிவாங்கும் கருவியாகக் காட்டும்போது பார்க்கிறவர்களுக்குத் திருப்தியாகவும் இருக்கிறது. அடங்காத பிள்ளையை அங்கொடை மனநல ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் விட்டுவிடுவேன் என்று வெருட்டி வளர்த்த ஊர் நம்முடையது. போரையும் 2004 கடலையும் தாங்கிய மாவட்டத்தில், மனநலக் கிளினிக் நாளில் தெரிந்த முகம் வந்தால் தலையைக் குனிந்து பக்கத்து வரிசைக்கு நகர்கிறார்கள். இந்தக் குளிசையைத் தண்டனையாகப் பார்க்க நமக்கு இன்னொரு படம் தேவையில்லை.

நல்ல படம், விறுவிறுப்பான படம், பாருங்கள். முழுதாகப் பாருங்கள்.

பார்த்துவிட்டுச் சந்தேகம் வந்தால் கிளினிக்கில் கேட்கவேண்டியவை: எத்தனை கிழமையில் பலன் தெரியும், முதலில் என்ன தொந்தரவு வரும், எது வந்தால் உடனே வரவேண்டும், விடுவதென்றால் எப்படிக் குறைப்பது. கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில், என்ன தொந்தரவு, குளிசை தொடங்கி எத்தனையாம் நாள், எத்தனை மணிக்கு, அன்று வேறு என்ன மருந்து போட்டீர்கள் என்று எழுதிக்கொண்டு போங்கள். மேலே சொன்ன காரணம் தேடும் கேள்விகளுக்கு டொக்டர் பதில் காண்பது அந்தக் குறிப்பிலிருந்துதான். நாடளாவிய ரீதியில் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையும் பக்கவிளைவு முறைப்பாடுகளைச் சேர்க்கிறது, டொக்டரிடமோ பாமசியிலோ சொன்னால் அங்கே அறிவிக்கலாம். தலிடோமைட் குளிசையால் கைகால் குறைந்த பிள்ளைகள் பிறந்தது 1961 இல் தெரியவந்ததும், டொக்டர்கள் தாங்கள் கண்டதை வெளியே அறிவித்ததால்தான்.

இரவில் மனம் தாங்கவில்லை, கிளினிக் திறக்கும் வரை பொறுக்க ஏலாது என்றால் 1926. தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் அது. தமிழிலும் பேசலாம்.